எஃப்டி கேட்டால் பாலிசியில் கைநாட்டு வாங்குகிறார்கள், பார்வையற்ற நண்பர்கள் கவனம்

பார்வையற்றவர்கள், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வங்கிக்குப் போங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை என்று சொல்லப்போவதில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது, தவிர இது ஒரு வங்கியோடு முடிகிற கதையும் இல்லை.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர், பார்வை முழுதாக இல்லை. அரியர் பணம் 2 லட்சம் வந்தது, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கிளையில் கணக்கு தொடங்கி எஃப்டி போடலாம் என்று போனேன். எனக்குக் கையெழுத்து போடத் தெரியும், வருகைப் பதிவேட்டில் தினமும் போடுகிறேன். "உங்களுக்குக் கைநாட்டுதான் சார், ரூல்ஸ் அப்படி" என்றார்கள். ஏடிஎம் கார்டு, செக் புக், நெட் பேங்கிங் எதுவும் கிடையாது, வேண்டுமென்றால் கண் தெரிந்த ஒருவரைச் சேர்த்து ஜாயின்ட் அக்கவுன்ட் ஆக்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். கார்டு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "மிஷின்ல நீங்க எப்படி சார் பார்த்து அழுத்துவீங்க?" என்று பதில். அவர்கள் வாசலில் நிற்பதே பேசும் ஏடிஎம்! 2014 ஜூலையிலிருந்து வைக்கிற புது ஏடிஎம் எல்லாமே பேச வேண்டும், பிரெயில் விசைகள் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. இயர்போனைச் செருகினால் போதும், அதுவே சொல்லும்.

சரி, எஃப்டிக்கு வருவோம். ஒரு அதிகாரி ரொம்பப் பணிவாகப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து, அவரே ஃபாரத்தை "வாசித்து", அஞ்சு வருஷம், வட்டி இவ்வளவு என்று சொல்லி, பல இடங்களில் கட்டை விரலை வைக்கவைத்தார். சாட்சிக் கையெழுத்தும் அவரே. கொஞ்ச நேரத்தில் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது, டெபாசிட் வெரிஃபிகேஷன்தான், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க சார் என்றார்.

அடுத்த வருடம் ஒரு குறுஞ்செய்தியை டாக்பேக் (போன் திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் வசதி) வாசித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிரீமியம் கட்டும் தேதி நெருங்குகிறதாம். நான் போட்டது எஃப்டி இல்லை, ஆயுள் காப்பீட்டு பாலிசி, 10 வருடத்துக்கு வருடா வருடம் 2 லட்சம் கட்ட வேண்டும். கிளையில் போய்க் கேட்டால், பாலிசி பிடிக்கவில்லை என்றால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்திருக்கலாமே, பத்திரம் மெயிலில் வந்திருக்குமே என்கிறார்கள். வந்துதான் இருந்தது. ஸ்கேன் செய்த படமாக. திரையில் இருக்கிற எழுத்தைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் அதில் ஒரு எழுத்தைக்கூட வாசிக்காது. படிக்க முடியாத வடிவில் அனுப்பியதை எனக்குக் "கிடைத்தது" என்று எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டேன், அதற்கு இன்றுவரை அந்தக் கிளையிலிருந்து பதில் இல்லை.

இப்போது சட்டம். 2008 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பிவிட்டது: பார்வையற்றவர் ஒப்பந்தம் செய்யச் சட்டப்படி தகுதி உள்ளவர், செக் புக், ஏடிஎம், நெட் பேங்கிங், லாக்கர், கடன், கிரெடிட் கார்டு என எதையும் பாகுபாடு இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று. அதாவது எனக்குச் சொன்ன "ரூல்ஸ்" அப்படியே தலைகீழ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13வது பிரிவு, மற்றவர்களைப் போலவே நம் பண விவகாரங்களை நாமே நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவில் இன்னொன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது: பண விஷயத்தில் நமக்கு உதவுகிறவருக்கும் நமக்கும் நலன் முரண்பட்டால், அவர் அந்த வேலையில் உதவுவதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். பாலிசி விற்றால் டார்கெட் முடியும் என்கிற ஆளே ஃபாரம் வாசித்து, அவரே சாட்சியும் போட்டால் அதை என்னவென்று சொல்வது?

அதனால் விற்கிறவர் வாசிக்க, நீங்கள் கைநாட்டு வைக்காதீர்கள். ஃபாரத்தை ஸ்கிரீன் ரீடர் படிக்கிற வடிவில் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள், வீட்டில் கேட்டுவிட்டு அப்புறம் போங்கள். கையெழுத்து போடத் தெரிந்தவர் கையெழுத்தே போடுங்கள். கார்டு இல்லை என்றால் அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், பாதிப் பேர் அந்த இடத்திலேயே இறங்கிவந்துவிடுவார்கள். என் கிளை மேலாளர் இறங்கவில்லை, அது வேறு விஷயம். வங்கிக்குப் புகார் எழுதி 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448. வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்டால் உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் காட்டுவார்கள்.

எனக்குக் குறைதீர்ப்பாளரிடம் புகார் போன பிறகுதான் கார்டு வந்தது, எந்த விளக்கமும் இல்லாமல், கூரியரில். பாலிசிக்காகக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குத் தனியாக எழுதினேன், ஸ்கேன் பட விவகாரத்தையும் ஒரே ஆள் விற்பனையாளராகவும் சாட்சியாகவும் இருந்ததையும் முன்வைத்து. நிறைய இழுத்தடித்துவிட்டு 2 லட்சத்தைத் திருப்பினார்கள், வட்டி போனது போனதுதான். கைநாட்டு விவகாரம் டெல்லியில் இருக்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடம் மனுவாகப் போயிருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்த அதிகாரி வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்வி, அங்கே யாருக்கு ஃபாரம் வாசித்துக்கொண்டிருக்கிறாரோ.