ஓடுபாதை வேலியில் சென்சார்: நான்கு வருட அனுபவம்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற பக்கம், விமானப் பயிற்சி தரும் சின்ன ஓடுதளம் ஒன்றில் எனக்குப் பாதுகாப்பு வேலை. 2014-ல் சூரத்தில் கிளம்பிக்கொண்டிருந்த விமானம் எருமை மேல் மோதியது, அடுத்த வருடம் ஜபல்பூரில் இறங்கிய விமானம் காட்டுப்பன்றிகள் மேல் மோதியது. இந்த இரண்டையும் சொல்லிச் சொல்லித்தான் நிர்வாகத்திடம் சென்சாருக்குப் பணம் வாங்கினோம்.

முதல் வருடம் கூத்துதான். வேலியில் கட்டிய அதிர்வு கேபிள் ஆடிக் காற்றுக்கு விடிய விடிய அலறியது. "காத்தையா புடிச்சுக் குடுக்கச் சொல்றீங்க?" என்றார் வாட்ச்மேன் அண்ணன். சரி என்று கேபிளின் உணர்திறனைக் குறைத்தோம். தப்பு. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கம்பிவலையின் அடியைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக உள்ளே வந்தார், சத்தமே இல்லை. தொய்ந்த வலையை இழுத்துக் கட்டி, படர்ந்திருந்த கோவைக்கொடியைப் பிடுங்கிய பிறகுதான், உணர்திறனைப் பழையபடி ஏற்ற முடிந்தது. இப்போது பொய் அலாரம் என்றால் பெரும்பாலும் வேலியில் வந்து உட்காரும் மயில்.

உடல்சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர் சென்சார் இரவில் நன்றாக வேலை செய்கிறது. சித்திரை மதியத்தில் தரையும் மனுசனும் ஒரே சூடு, ஆள் குறுக்கே நடந்தாலும் அதற்குத் தெரிவதில்லை. கொடுத்த காசுக்கு உழைப்பது, சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராதான். நரியா நாயா என்று திரையிலேயே ஓரளவு தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை லென்ஸ் முன்னால் சிலந்தி வலையைத் துடைக்க மறக்கக் கூடாது.

பறவைகளை விரட்ட ஒலிபெருக்கியில் வல்லூறு சத்தம் போட்டோம். மைனாக்கள் இரண்டு வாரம் பயந்தன, மூன்றாவது வாரம் ஒலிபெருக்கி மேலேயே உட்கார்ந்தன. அதனால் இப்போது தானாக ஒலிக்க விடுவதில்லை. பறவை கண்ணில் பட்டால்தான் போடுகிறோம், அதுவும் இடத்தை மாற்றி மாற்றி. மழை விட்டு ஈசல் கிளம்பும் சாயங்காலம் எதுவும் எடுபடாது. வண்டியை எடுத்துக்கொண்டு நாமே போய் விரட்ட வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். மூன்றாம் வருடம் கிழக்கு மூலையில் சோலார் பேட்டரி செத்துக் கிடந்த ராத்திரி, அங்கே ஆள்காட்டிக் குருவி விடாமல் கத்தியது. டார்ச்சோடு போனால் இரண்டு பேர் கேபிளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் விரட்டல் பட்டியலில் முதல் பெயரே அந்தக் குருவிதான். பேட்டரியை மறுநாளே மாற்றிவிட்டோம்.