கொழிஞ்சாம்பாறையில் பள்ளி மலர் லேஅவுட் செய்ய நல்ல இடம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். மாடியில் ஒரு டி.டி.பி. கடை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துத் தரும் கடை. போர்டு சின்னது, விசாரித்துத்தான் போக வேண்டும். எங்கள் பள்ளித் தமிழ்ப் பிரிவின் ஆண்டு மலரை இந்த வருஷம் இங்கே கொடுத்தோம். நம் பக்கத்தில் மலர் போடும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கடை அக்கா தாள்களை மடித்து ஒரு டம்மி (வெற்று மாதிரிப் புத்தகம்) செய்து கையில் கொடுத்துவிட்டார். "மாஷே, நடுவுல மடிச்சு சென்டர் பின் அடிக்கிற புக்கு நாலு நாலு பக்கமாத்தான் ஏறும். உங்க மேட்டர் 30 பக்கம் வருது. 28 ஆக்குறீங்களா, 32 ஆக்குறீங்களா?" மாணவர்களின் கவிதைகளைச் சேர்த்து 32 ஆக்கினோம். ஓரத்தில் விடும் ப்ளீட் என்றால் என்னவென்றும் அந்த டம்மியிலேயே ஸ்கேல் வைத்துக் காட்டினார். படம் தாளின் ஓரம்வரை வர வேண்டுமென்றால் வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் 3 மி.மீ. நீள வேண்டும், இல்லாவிட்டால் கட்டிங் கொஞ்சம் நகர்ந்தாலே ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

என்னை அசத்தியது டிராப் கேப்தான். கட்டுரையின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி மூன்று வரிக்கு இறக்குவார்களே, அது. எங்கள் மேட்டர் பாமினி என்ற தமிழ் ஃபான்ட்டில் அடித்தது. அதில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று தனித்தனி எழுத்து. ஒரு எழுத்து என்று செட்டிங் கொடுத்தால் கொம்பு மட்டும் பூதாகரமாக நிற்கும், ககரம் பக்கத்தில் சின்னதாகக் கிடக்கும். வேறு இடங்களில் அச்சாகி வந்த மலர்களில் இதைப் பார்த்து நொந்திருக்கிறேன். இவர் ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து, 'கொங்கு' என்று தொடங்கினால் மூன்று, 'கல்வி' என்றால் ஒன்று என்று கையாலேயே மாற்றினார். லீடிங்கும் (வரிக்கு வரி இடைவெளி) தாராளம்: 10 பாயின்ட் எழுத்துக்கு 14. மேல்வரி 'கூ'வின் வால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடிக்கவில்லை. ஹெட்மாஸ்டரின் மலையாள வாழ்த்துரையில் கூட்டெழுத்துகளும் நெருக்கமில்லாமல் வந்தன.

குறை இல்லாமல் இல்லை. புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி) கறுப்பு வெள்ளையில்தான் தருகிறார்கள். ரேப்பரில் (மேலட்டையில்) நாங்கள் திரையில் பார்த்த பளிச் பச்சை, அச்சில் மங்கிப்போய் வந்தது. சிவப்பு, பச்சை, நீல ஒளியால் (ஆர்.ஜி.பி.) திரை காட்டும் பச்சை முழுவதையும் அச்சின் நான்கு மையால் கொண்டுவர முடியாது. அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், ரேப்பருக்கு மட்டுமாவது கலர் புரூஃப் தரலாம். ஆவணியில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்துவிடும், அப்போது அவசரப்படுத்தினால் நடக்காது.

அப்புறம், படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். கேமராவில் எடுத்த ஃபைலை அப்படியே பென் டிரைவில் கொண்டுபோங்கள்.