கைக்கடக்கமான தையல் மெஷினும் ஒரு புதுக்குடித்தனச் சீரும்

சித்தி மகள் கோயம்புத்தூரில் தனிக்குடித்தனம் போகிறாள் என்று தெரிந்ததும், மிக்சி, ஹாட்பாக்ஸ் வகையறாக்கள் எல்லாம் கல்யாணத்துக்கே இரண்டிரண்டாக வந்து பரணில் ஏறிவிட்டபடியால், அவள் சமையலறையில் அன்றாடம் கைபடும் துணிச் சாமான்களை நானே தைத்துக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். இட்லித் துணி ஆறு, சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி நான்கு, பொடி டப்பாக்களைப் போட்டுக் கட்டிவைக்கச் சுருக்குப்பை மூன்று, காய்கறி வாங்கப் பெரிய பை ஒன்று என்று பட்டியல் போட்டாயிற்று. ஆனால் தைப்பதற்கு வீட்டில் மெஷின் இல்லை. அம்மாவின் கால்மெஷினை வீடு மாறும்போது இடமில்லையென்று கொடுத்துவிட்டோம்; அதை இப்போது நினைத்து வருந்திப் பயனில்லை. அதனால்தான் வெகுநாளாக விளம்பரங்களில் பார்த்துக்கொண்டே இருந்த அந்தச் சிறிய மின்சாரத் தையல் மெஷினை 1,350 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

வெள்ளை உடம்பும் ஊதா நிறச் சக்கரமுமாக, இரண்டு கையிலும் ஏந்திக்கொள்ளும் அளவில் இருக்கும் இந்த மெஷினை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அச்சு ஒன்றாகவே இருக்க, மேலே ஒட்டிய பெயர் மட்டும் கடைக்குக் கடை மாறுகிறது என்பதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. 4 பென்சில் பேட்டரியிலும் ஓடும், 6 வோல்ட் அடாப்டரிலும் ஓடும். மெதுவாகவும் வேகமாகவும் ஓட இரண்டு விசைகள், காலால் அழுத்த ஒரு சின்னப் பெடல், ஊசிக்கு மேல் ஒரு விளக்கு, அடிநூல் சுற்றிவைக்க இரண்டு உலோக பாபின்கள், ஊசியில் நூல் கோக்க ஒரு கம்பி ஆகியவை பெட்டியிலேயே வந்தன. இதில் நேர்தையல் ஒன்றுதான் உண்டு. தையலின் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பின்னோக்கி ஓடும் வசதியும் கிடையாது.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டேப்ளர் போலக் கையில் பிடித்து அழுத்தித் தைக்கும் கைமெஷின் ஒன்றும் இதன் பக்கத்திலேயே இன்னும் மலிவாக விற்கிறது. அது ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுவது. கடைசி முனையை முடிச்சிடாமல் விட்டால், ஒரு இழுப்பில் தைத்தது முழுவதும் அரிசி மூட்டைத் தையல் போலப் பிரிந்து வந்துவிடும். நான் வாங்கியதில் மேல்நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. கால்மெஷின் தைப்பதும் இதே தையல்தான். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் சாமான்களுக்கு இந்தப் பூட்டுத் தையல் கட்டாயம் வேண்டும்.

முதல் இரண்டு நாட்கள் மெஷினைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன் என்பதை மறைப்பானேன். நான்கு விரற்கடை தைப்பதற்குள் துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு போலச் சுருண்டு, துணியை நகர்த்தும் அடிப்பல்லில் துணி சிக்கிக்கொண்டு, கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அடியில் சுருளுவதால் பாபினில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். உண்மையில் குற்றம் மேல்நூலில் இருந்தது. மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகுக்குள் இருக்கும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக அமராமல் மேலாகவே ஓடினால், இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் நூல் வழிந்து அடியில் சேர்ந்துவிடுகிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலைக் கோத்து, இரண்டு நூல் முனைகளையும் ஒரு சாண் நீளத்துக்குப் பின்பக்கம் இழுத்துவிட்டு, முதல் இரண்டு தையலைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போட்ட பிறகு அந்தத் தொல்லை அநேகமாக நின்றது. பெட்டியில் வந்த விளக்கத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். அந்தத் தாளின் தமிழைப் படித்துப் புரிந்துகொள்வதற்குத் தைக்கவே கற்றுக்கொண்டுவிடலாம்.

இட்லித் துணியில் மெஷின் நல்ல பெயர் வாங்கியது. ஈரோட்டில் இருப்பதில் ஒரு சௌகரியம், துணிக்கு அலைய வேண்டியதில்லை. திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயில் முடியும் ஜவுளிச் சந்தையில் வெளுக்காத காடாத் துணியும் மல் துணியும் மீட்டர் கணக்கில் கிடைக்கின்றன. இட்லித் துணிக்கு ஓரம் எதற்கு, கிழித்துப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள், இட்லியை விண்டு சாம்பாரில் தோய்க்கும்போது கூடவே ஒரு நூலிழையும் வந்து பல்லில் மாட்டிக்கொள்ளும் அனுபவம் இல்லாதவர்கள். அதே சமயம் ஓரத்தைத் தடிமனாக மடித்து அடித்தால் மடிப்புக்குள் மாவு புகுந்து, எவ்வளவு அலசினாலும் போகாமல் மறுநாள் புளித்த வாடை வீசும். ஆகவே கால் அங்குலத்துக்கும் குறைவாக இரண்டு மடிப்பு மடித்து, நகத்தால் நீவி, மெல்லிய 11ஆம் எண் ஊசியும் வெள்ளைப் பருத்தி நூலும் போட்டு அடித்தேன். மல் துணியில் இந்த மூன்று அடுக்கை மெஷின் முனகாமல் தைத்தது. தையலும் ஒரே சீராக விழுந்தது. வண்ண நூல் வேண்டாம், ஆவியில் சாயம் இறங்கினால் இட்லிக்குக் கரை கட்டியது போலாகிவிடும்.

இதில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு துணிகளைத் துவைக்காமலேயே வெட்டித் தைத்தேன். சந்தைத் துணியில் கஞ்சி ஏறியிருக்கும். அலசியதும் கஞ்சியோடு துணியின் அளவும் போய், இட்லித் தட்டின் ஓரக்குழிகளை மூட முடியாமல் ஒவ்வொரு பக்கமும் ஒரு விரற்கடை சுருங்கிவிட்டது. இரண்டாம் முறை, துணியை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஒரு கொதி விட்டு அலசி, காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுத்தேன். சுருங்கிய ஆறும் எங்கள் வீட்டுச் சின்னத் தட்டுக்குச் சரியாக இருக்கின்றன. துணியில் வார்த்த இட்லியை எடுக்கும் முறை தங்கைக்குத் தெரியுமோ தெரியாதோ என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தேன்: துணியை நனைத்துப் பிழிந்து விரித்து மாவு ஊற்று, வெந்ததும் தட்டைக் கவிழ்த்துத் துணியின் முதுகில் கைத்தண்ணீர் தெளித்து ஒரு மூச்சு பொறு, பிறகு உரி.

பிடிதுணியில் மெஷினின் எல்லை தெரியத் தொடங்கியது. பழைய கைத்தறிச் சேலையில் மேலும் கீழும் ஒவ்வொரு துண்டு, நடுவில் நைந்துபோன குளியல் துண்டு இரண்டு மடிப்பு என்று நான்கடுக்காக வைத்தேன். நூல் உட்பட எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணி அடுப்பருகே இளகிக் கையில் ஒட்டினால் பொறுக்க முடியாத புண்ணாகிவிடும். நான்கடுக்கில் அதைவிடத் தடித்த 14ஆம் எண் ஊசியோடு மெது வேகத்தில் விட்டபோது, பேட்டரியில் மெஷின் ஊசியைக் குத்தியபடியே நின்றுவிட்டது. அடாப்டரில் ஓடியது, ஆனால் நான்கைந்து தையலுக்கு ஒன்று வீதம் விட்டுவிட்டுத்தான் தைத்தது. நடுவே இருந்த துண்டை ஒரு மடிப்பாகக் குறைத்த பிறகு ஒழுங்காக வந்தது. அந்த மெலிந்த பிடிதுணி இட்லிச் சட்டியின் மூடியைத் தூக்கப் போதும். குக்கரைத் தூக்கும்போது இரண்டைச் சேர்த்துப் பிடி, ஈரமாக இருந்தால் தொடவே தொடாதே, ஈரத் துணி சூட்டை அப்படியே கைக்குக் கடத்திவிடும் என்று அந்தச் சீட்டிலேயே சேர்த்து எழுதினேன்.

சுருக்குப்பைகள் தைத்த நாளை இந்த மெஷினோடு நான் கழித்த நல்ல நாள் என்பேன். ஒரு பைக்குக் கொள்ளுப் பொடி, ஒன்றுக்குப் பருப்புப் பொடி, ஒன்றுக்கு எங்கள் ஊர் மஞ்சள். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, ஊரைவிட்டுப் போகிறவர்களுக்குச் சீர் கொடுப்பதென்றால் மஞ்சள் இல்லாமல் கொடுக்கக் கை வருவதில்லை. கொள்ளு ஒரு டம்ளரைச் சிறுதீயில் வெறும் வாணலியில் வறுத்து, பொரிந்து வெடிக்கத் தொடங்கி வாசனை எழும்பியதும் இறக்கி, தனியே வறுத்த எட்டு மிளகாய், ஆறு பல் பூண்டு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, கொட்டைப்பாக்களவு புளி, கட்டிப் பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தேன். பூண்டு ஈரம் வற்றி மொறுமொறுவென்று ஆகும்வரை வறுபட வேண்டும், இல்லாவிட்டால் பொடி சீக்கிரம் கட்டிபடும். பொடியை நேரே துணிப்பையில் கொட்டக் கூடாது. துணி காற்றின் ஈரத்தை இழுத்துப் பொடிக்குக் கொடுத்துவிடும். எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, டப்பாவைப் பைக்குள் இறக்கி நாடாவை இழுத்துக் கட்டினேன். பையில் நாடா போகும் வழியைத் தைக்க, ஓரத்தை ஒரு அங்குலத்துக்கு மடித்து நேராக ஒரு தையல் போட்டால் முடிந்தது. இப்படி நேர்கோட்டில் ஓடும் வேலைக்கென்றே இந்த மெஷினைச் செய்திருக்கிறார்கள். மூன்று பைக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது. பின்னோக்கி ஓடாததால் தொடக்கத்திலும் முடிவிலும் நூலை உள்பக்கம் இழுத்துக் கையால் முடிச்சிட வேண்டியிருந்தது ஒன்றுதான் சலிப்பு.

காய்கறிப் பைக்குக் காடாத் துணியில் உடம்பும் பவானி ஜமக்காளத் துண்டில் கைப்பிடியும் வைக்க ஆசைப்பட்டேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூன்று கிலோ, நான்கு கிலோ தொங்கும் இடம் அது என்பதால், கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் சதுரம் போட்டு நடுவே குறுக்காகப் பெருக்கல் குறி போல அடிக்க வேண்டும். ஜமக்காளத்தின் முரட்டு நூலில் முதல் குத்திலேயே ஊசி வளைந்தது. இரண்டாவது ஊசி முறிந்து துண்டு என் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்தது என் நல்ல நேரம். எதிர்வீட்டில் தைத்துக் கொடுக்கும் பெண்ணிடம் எடுத்துப் போனேன். கணவரை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு கொடுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்த கால்மெஷினை வைத்துத்தான் அவர் குடும்பம் நடத்துகிறார். என் மெஷினைப் படத்தில் காட்டியதும், “பொம்மைங்க்கா அது. ஓரம் அடிக்கிறதோட நிறுத்திக்குங்க, கைப்பிடியெல்லாம் எங்கிட்டக் குடுத்துருங்க” என்று சொல்லிவிட்டு, 16ஆம் எண் ஊசியை மாற்றிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் இரண்டு கைப்பிடியையும் அடித்துத் தந்தார். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஆறு மாதத்தில் கெட்டுப்போனது அடாப்டர். மூன்றாம் மாதம் சூடேறி ஒரு நாள் ஓய்ந்துவிட்டது. விற்றவர்கள், மாற்றித் தரும் பத்து நாள் கெடு முடிந்துவிட்டதென்று கைவிரித்துவிட்டார்கள். அதே வோல்ட் அடாப்டரை எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 180 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். சத்தமும் சொல்லத்தக்கதுதான்; இரவு பத்து மணிக்கு மேல் வேக விசையைப் போட்டால் பக்கத்து அறையில் மிக்சி ஓடுவது போலக் கேட்கிறது. பெடலின் ஒயர் குட்டையாக இருப்பதால் சாப்பாட்டு மேசையில் மெஷினை வைத்தால் பெடல் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்குகிறது. நான் மணைப்பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் வைத்துக்கொள்கிறேன்.

ரவிக்கை தைக்கவோ ஜீன்ஸ் பேன்ட்டைக் குட்டையாக்கவோ இதை வாங்கினால் காசு வீண். காஜா போடுவது, வளைவாகத் தைப்பது எதுவும் இதில் நடக்காது. தைத்துச் சம்பாதிக்க நினைப்பவர்கள் இன்னும் ஏழெட்டாயிரம் சேர்த்துப் பெரிய மெஷினுக்குப் போவதே முறை. இட்லித் துணி, தலையணை உறை, திரைச்சீலை ஓரம், தாம்பூலப் பை, சுருக்குப்பை என்று இரண்டு மூன்று அடுக்குப் பருத்தியில் நேராக ஓடும் வேலைக்கு, அலமாரியின் ஒரு தட்டில் அடங்கும் இந்த மெஷின் கொடுத்த விலைக்கு உழைக்கிறது. வாங்கினால் கடையில் நேரில் வாங்குங்கள். போகும்போது ஒரு முழம் காடாத் துணியை எடுத்துப் போய், மூன்றாக மடித்து அடாப்டரில் ஒரு முழம் ஓட்டிக்காட்டச் சொல்லி, துணியைத் திருப்பி அடித்தையலைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கூடவே 11, 14 ஆகிய இரண்டு எண்களிலும் நான்கு நான்கு ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் வரும் ஊசி ஒரு வாரம் தாங்கினால் பெரிது.