பால் டிஃப்பா கியர் டிஃப்பா? நம்ம ஊரு மண்ணுக்கு எது தாங்கும்

ரிமோட் கண்ட்ரோல் பக்கி (மண்ணுல ஓட்டுற சின்ன ரேஸ் கார்) ஓட்டுற நம்ம பசங்க ரெண்டு மூணு பேரு, பின் வீலுக்கு நடுவுல இருக்கிற டிஃப், அதாவது டிஃபரன்ஷியல், பால் டைப்பா கியர் டைப்பா எது போடணும்னு தனித்தனியா கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளல, அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதிடுறேன். முதல்லயே சொல்லிடுறேன், நான் இப்ப கியர் டிஃப் பக்கம். ஒன்றரை வருஷம் பால் டிஃப்போட ஓட்டிட்டு ஆறு மாசம் முன்னாடி மாறினவன், அதனால கீழ வர்றதுல கியர் டிஃப்புக்கு கொஞ்சம் இடம் கூடத்தான் போகும்.

என் வண்டி 1/10 சைஸ் (நிஜ வண்டியில பத்துல ஒரு பங்கு) 2 வீல் டிரைவ் பக்கி, 13.5 டர்ன் சென்சர் பிரஷ்லெஸ் மோட்டார் (டர்ன்னா உள்ள கம்பிச் சுத்து, அது கம்மியானா வேகம் கூடும்), 2எஸ் லிப்போ, அதாவது ரெண்டு செல் பேட்டரி. ஓட்டுறது தோவாளைப் பக்கம் ஒரு காலி பிளாட்ல, செம்மண்ணும் சரலும் கலந்த தரை, நாங்களே மம்பட்டி எடுத்து மேடு பள்ளம் போட்டது. ஆனி ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்து தெரியும்ல, முப்பந்தல்ல அத்தனை காத்தாடி சும்மாவா நிக்குது, அந்தக் காத்துல தூசி தரையோட தரையா ஓடிட்டே இருக்கும். அப்பப்ப லீவு நாள்ல மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரைக்கும் வண்டியைக் கொண்டு போவோம். இந்த ரெண்டு மண்ணையும் நல்லா மனசுல வச்சுக்கிடுங்க, கதையே அதுலதான் இருக்கு.

விலை, எடை எல்லாம் சட்டுன்னு முடிச்சிடுறேன். விலையில பெரிய வித்தியாசம் இல்ல. கியர் டிஃப் சில கிராம் கூட இருக்கும், 13.5 மோட்டார்ல அது எனக்குத் தெரியவே இல்ல. என் கியர்பாக்ஸ்ல ரெண்டுமே உக்காரும், ஆனா எல்லா வண்டியிலயும் அப்படி இல்ல, வாங்குறதுக்கு முன்னாடி உங்க மாடலுக்கு வருதான்னு பாத்துக்கிடுங்க.

இனி பால் டிஃப். வளைவுல வெளிப்பக்க வீலு கூடவும் உள்பக்க வீலு கம்மியாவும் சுத்தணும், அதுக்குத்தான் டிஃப்னு எல்லாருக்கும் தெரியும். பால் டிஃப்ல இதைச் செய்றது பல்லு இல்ல, உருண்டை. என்னோடதுல 2.4 மில்லிமீட்டர்ல 14 கார்பைடு உருண்டை, ரெண்டு பக்கமும் வழவழன்னு ஒரு ஸ்டீல் ரிங், நடுவுல ஒரு ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் எல்லாத்தையும் சேத்து இறுக்கிப் பிடிக்கும். இங்கிலாந்துல செசில் ஷூமாக்கர்னு ஒரு கியர்பாக்ஸ் இன்ஜினியர், அவரு 1980ல கம்பெனி ஆரம்பிச்சதே இந்த பால் டிஃப்பை வச்சுத்தான். அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் ரேஸ் பக்கின்னா பால் டிஃப்புன்னே இருந்துது.

அது ஏன்னு ஓட்டினா புரியும். சுத்தமா செட் பண்ணின பால் டிஃப் கையில சுத்திப் பாத்தா வெண்ணெய் மாதிரி இருக்கும். லூஸ் மண்ணுல திராட்டில் கொடுக்கும்போது பின்பக்கம் சட்டுன்னு வெட்டாம பைய பிடிச்சு இழுக்கும். இன்னொண்ணு, வண்டியைப் பிரிக்காமலே டைட் பண்ணலாம் லூஸ் பண்ணலாம், ஒரு சின்ன ஆலன் கீ போதும், எட்டுல ஒரு பங்கு சுத்து, முடிஞ்சுது. ரெண்டு ரேஸுக்கு நடுவுல பத்து நிமிஷம்தான் இருக்குன்னா இது ரொம்பப் பெரிய வசதி. இந்த ஒரு விஷயத்துல கியர் டிஃப் கிட்டயே வராது, அதை நான் மறைக்கல.

ஆனா பால் டிஃப்புக்கு சீல் கிடையாது. கியர்பாக்ஸ் மூடி இருக்குன்னு பேரு, அவுட்டிரைவ் (டிஃப்ல இருந்து வீலுக்குச் சுத்தைக் கொண்டு போற தண்டு) வெளிய வர்ற பேரிங் பக்கத்துல மாவு மாதிரி தூசி போறதுக்கு வழி இருந்துட்டேதான் இருக்கும். உள்ள போன தூசி அங்க இருக்கிற கிரீஸ்ல ஒட்டும். கிரீஸும் பொடி மண்ணும் சேந்தா என்ன ஆகும்னு எந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கிட்ட கேட்டாலும் சொல்லுவாரு, வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்ட்தான் அது. செம்மண்ணாவது பரவாயில்ல, நம்ம கடற்கரை மணலு இருக்கே, மணவாளக்குறிச்சியில மத்திய அரசு கம்பெனி ஐ.ஆர்.இ.எல். ஆலை வச்சுப் பிரிச்சு எடுக்கிறது இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட்டு, கூடவே கார்னெட். அந்த கார்னெட்ல உப்புத்தாளே செய்வாங்க. அதாவது நம்ம கடற்கரையில வண்டி ஓட்டுறது, உப்புத்தாள்ல இருக்கிற பொடியை அள்ளி கியர்பாக்ஸ் மேல தூவுற மாதிரி. காந்த முனை உள்ள ஸ்க்ரூடிரைவரை அந்த மணல்ல குத்தி எடுங்க, கருகருன்னு மீசை மாதிரி ஒட்டிட்டு வரும். மோட்டாருக்குள்ளயும் காந்தம் இருக்குல்ல, ஓட்டை வழியா உள்ள போனா அங்கயும் போய்ப் பிடிச்சுக்கிடும், அது வேற தலைவலி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

போன ஆடியில ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட ஓட்டுற குளச்சல் பையன் என் வண்டியைக் கையில தூக்கி வீலைச் சுத்திப் பாத்துட்டு, "அண்ணே, பின்னால நறநறங்குது, சத்தம் மாறிட்டு பாருங்க"ன்னான். போன வாரம்தான் பிரிச்சு மாட்டினேன், அதுக்குள்ளயான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. வீட்டுக்கு வந்து எவர்சில்வர் தட்டுல ஒரு பழைய பனியன் துணியை விரிச்சு அது மேல வச்சுப் பிரிச்சேன், துணி இல்லாம பிரிச்சா உருண்டை கட்டிலுக்கு அடியில ஓடிரும். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய கிரீஸு டீத்தூள் நெறத்துல இருந்துது. ரிங்கை மண்ணெண்ணெயில கழுவி லைட்டுக்கு நேரா சாச்சுப் பிடிச்சா நடுவுல வட்டமா ஒரு கோடு, நகத்தை வச்சு இழுத்தா நகம் அதுல டக்குன்னு தட்டி நிக்குது. ஆறு பேட்டரி சார்ஜ்தான் ஓட்டியிருந்தேன் அதுக்குள்ள.

அந்தக் கோடு வந்துட்டா ரெண்டு வழிதான். ரிங்கைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தை உபயோகிக்கலாம், இல்லன்னா கண்ணாடித் துண்டு மேல 600 நம்பர் உப்புத்தாளை வச்சு ரிங்கை எட்டு போட்டுத் தேய்ச்சு சமமாக்கலாம். அப்புறம் எல்லா உருண்டையையும் துடைச்சு, உருண்டைக்கு சிலிக்கான் டிஃப் கிரீஸ், திரஸ்ட் பேரிங்குக்கு (நடு ஸ்க்ரூவோட அழுத்தத்தைத் தாங்குற குட்டி பேரிங்) கருப்பு மாலி கிரீஸ், இது ரெண்டையும் மாத்திப் போட்டுடக் கூடாது. மாட்டி முடிச்சதும் ஒரு பக்க வீலைப் பிடிச்சுக்கிட்டு கம்மி திராட்டில்ல கொஞ்ச நேரம் ஓட விட்டு செட் ஆக்கணும், திரும்ப டைட் பாக்கணும். எனக்கு இது முழுசா முடிய ஒன்றரை மணி நேரம். ஆடி மாசம் முழுக்க ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இதே வேலை. ரிங்கு, உருண்டை, திரஸ்ட் பேரிங் எதுவும் நாகர்கோவில்லயும் கிடைக்காது மார்த்தாண்டத்துலயும் கிடைக்காது, ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு வாரக்கணக்கா பாத்திருக்கணும், அந்த வாரமெல்லாம் வண்டி ஷெல்ஃப்ல கெடக்கும்.

ஸ்லிப்பர் (மோட்டாருக்கும் டிஃப்புக்கும் நடுவுல, பலமா அடி விழுந்தா வழுக்கிக் கொடுக்கிற கிளட்ச்) விஷயத்தையும் சொல்லணும், ஏன்னா நான் நஷ்டப்பட்டது அதுலதான். பால் டிஃப் வண்டியில டிஃப்பை விட ஸ்லிப்பர் கிளட்ச் லூஸா இருக்கணும். மேட்டுல இருந்து திராட்டிலோட வந்து விழும்போது அந்த அடியை ஸ்லிப்பர்தான் வழுக்கி வாங்கிக்கிடணும், டிஃப் வழுக்கவே கூடாது. செக் பண்ண ரெண்டு பின் வீலையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்பர் கியரை (மோட்டார் சுத்துற பெரிய பல்சக்கரம்) பெருவிரலால தள்ளிப் பாருங்க, ஸ்லிப்பரைப் பூட்டி வச்சுட்டுப் பண்ணணும், ஸ்பர் லேசா நகந்தாலே டிஃப் லூஸுன்னு அர்த்தம். ஒரு நாள் நான் மேட்டுக்காக டிஃப்பை லூஸ் பண்ணிட்டு ஸ்லிப்பரைத் தொட மறந்துட்டேன். மூணாவது லேப்ல கிறீச்சுன்னு ஒரு சத்தம், நிறுத்துறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. உருண்டையில பாதி சப்பை, ரிங்கு நீலம் பாய்ஞ்சு கெடக்கு, உருண்டை உக்கார்ற பிளாஸ்டிக் கியர் உருகிட்டு. அன்னைக்கு ராத்திரிதான் கியர் டிஃப் ஆர்டர் போட்டேன்.

கியர் டிஃப்னா ஒரு மூடின டப்பா, உள்ள பெவல் கியருங்க (சாய்வா பல் வெட்டின கியர்), அது சிலிக்கான் ஆயில்ல முங்கிக் கெடக்கும். ஆயில் தடிமனா இருந்தா ரெண்டு வீலும் சேந்து சுத்தப் பாக்கும், மெலிசா இருந்தா தனித்தனியா ஓடும். நாலு ஸ்க்ரூ, ஒரு கேஸ்கட், அவுட்டிரைவ் ரெண்டுலயும் ஓ ரிங்கு. மண்ணு உள்ள போக வழியே இல்ல, அதுதான் விஷயம்.

மொத தடவை மாட்டினப்ப எனக்கு ஒழுகிச்சு, அதனால மாட்டுற விதத்தைக் கொஞ்சம் விவரமா சொல்றேன். ஓ ரிங்கை வறட்சியா தள்ளாதீங்க, லேசா கிரீஸ் தடவி அவுட்டிரைவைச் சுத்திக்கிட்டே உள்ள விடணும், நேரா அமுக்கினா ஓரத்துல வெட்டு விழும். எனக்கு விழுந்தது அதுதான். ஆயிலை விளிம்பு வரைக்கும் ஊத்தக் கூடாது, நடுவுல இருக்கிற குறுக்கு பின்னு முங்குற அளவு போதும், சூடானா ஆயில் விரியும், அதுக்கு இடம் வேணும். ஊத்திட்டு அவுட்டிரைவை மெதுவா சுத்திச் சுத்தி குமிழி எல்லாம் மேல வர்ற வரைக்கும் பொறுக்கணும், தடிமன் ஆயில்னா கால் மணி நேரமாவது ஆகும், அந்த நேரத்துல ஒரு சாயா குடிச்சுட்டு வந்திரலாம். ஸ்க்ரூவைக் குறுக்க குறுக்க மாத்தி மாத்தி முறுக்கணும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா ஆயில் ஊத்தினப்புறம் டிஃப்பை நிறுத்து எழுதி வச்சுக்கிடுங்க, அடுத்த தடவையும் அதே எடைக்கு ஊத்தினாத்தான் வண்டி அதே மாதிரி ஓடும்.

வெட்டுப்பட்ட ஓ ரிங்குக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்கல. பழசை எடுத்துட்டு பம்ப் செட் ரிப்பேர் பண்ற கடைக்குப் போனேன், அவரு ஒரு டப்பாவைக் கொட்டி அஞ்சு நிமிஷத்துல அதே அளவுல கருப்பு நைட்ரைல் ரிங்கு எடுத்துக் குடுத்தாரு. அஞ்சு மாசமா அதுதான் ஓடுது. பால் டிஃப்ல எந்தப் பார்ட்டுக்கு இப்படி ஒரு வழி இருக்கு சொல்லுங்க.

ஆயில்ல 3000, 5000, 7000 மூணும் போட்டுப் பாத்தேன், நம்பர் கூடக் கூட ஆயில் தடிமன். காத்துத் தூசியில தரை பவுடரா கெடக்கும்போது 3000 நல்லா இருக்கு, வளைவுக்குள்ள வண்டி தானா மூக்கைத் திருப்புது. 7000 போட்டா நேர்ல நல்லா இழுக்குது, ஆனா வளைவுல திராட்டில் தொட்டதும் முன்பக்கம் தள்ளிட்டுப் போகுது. ஐப்பசி மழை பெஞ்சு ரெண்டு நாள் வெயில் அடிச்சு செம்மண்ணு அமுங்கி இருக்கும் பாருங்க, அப்ப தரையில நல்ல பிடி கிடைக்கும், அன்னைக்கு 3000ல உள்பக்க வீலு சும்மா சுத்தி பவர் வீணாப் போச்சு, 5000 சரியா இருந்துது. இப்ப நான் பெரும்பாலும் 5000லயே விட்டுடுறேன். மாத்தணும்னா டிஃப்பையே கழட்டணும், அரை மணி நேர வேலை, ரேஸுக்கு நடுவுல முடியாது. அதனால ரெண்டு டிஃப் வச்சு ரெண்டு ஆயில் போட்டு வைக்கிறவங்களும் உண்டு.

மூணு மாசம் கழிச்சு தொறந்தப்ப ஆயிலு கொஞ்சம் சாம்பல் நெறமா மாறியிருந்துது, அது கியர் உரசுறதுல வர்றது. விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாத்தேன், நறநறப்பே இல்ல. அதுல ரெண்டு நாள் மணவாளக்குறிச்சி மணல்ல ஓடினதும் சேத்தி. ஸ்லிப்பரையும் இப்ப டிஃப்புக்குப் பயந்து செட் பண்றதில்ல, தரைப் பிடியைப் பாத்து செட் பண்றேன், வண்டியில எனக்கு மாறின பெரிய சுகம் அதுதான்.

எனக்கு அனுபவம் இல்லாத இடத்தையும் சொல்லிடுறேன். கார்பெட்லயோ செயற்கைப் புல்லுலயோ நான் ஓட்டினதில்ல, 4 வீல் டிரைவும் சொந்தமா வச்சதில்ல, நண்பரோட வண்டியை ரெண்டு தடவை ஓட்டினதோட சரி. ரொம்ப பவரான மோட்டார்ல எப்படின்னும் என் கையால பாத்தது இல்ல. பிரஷ் மோட்டாரோ 17.5 டர்ன் மோட்டாரோ வச்சு, தூசி இல்லாத, தண்ணி தெளிச்சு வச்ச தரையில ஓட்டுறவங்களா இருந்தா பால் டிஃப்பை நீங்க மாத்த வேண்டாம், அந்த வெண்ணெய் மாதிரி இழுவை கியர் டிஃப்ல எனக்கு இன்னும் கிடைக்கல.

மாத்தினவங்க வேற என்ன பாக்கணும்னா, பின் வீல் டோ இன் (வீலோட முன்பக்கம் உள்ள சாஞ்சிருக்கிற கோணம்) நான் 3 டிகிரியிலயே விட்டுட்டேன், பின் ரைட் ஹைட், அதாவது தரைக்கும் வண்டி அடிக்கும் உள்ள உயரம், 24 மில்லிமீட்டர்ல இருந்து 23க்கு இறக்கினேன், ஷாக் ஆயிலைத் தொடவே இல்ல. மொத நாள் ஓட்டிட்டு வந்ததும் கியர்பாக்ஸுக்கு அடியில வெள்ளைத் துணி ஒண்ணு போட்டு ராத்திரி முழுக்க வண்டியை வையுங்க, காலையில துணியில வட்டமா எண்ணெய்க் கறை இருந்தா ஓ ரிங்கு சரியா உக்காரல, கழட்டிடுங்க.