கேமரன் மலை ஏறிய இரண்டு ஸ்விஃப்ட் ஸ்போர்ட்கள்

2013இல் வாங்கிய என் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் வாகன உரிமைச் சான்றிதழ் 2023இல் முடிந்தது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க அந்தச் சான்றிதழ் வேண்டும், அதற்குப் பத்தாண்டுதான் கணக்கு. மனமில்லாமல் காரை ஒப்படைத்துவிட்டு, அதே பெயரில் அடுத்து வந்த மாடலில், 2019இல் பதிவான காரை வாங்கினேன். இரண்டும் ஆறு கியர் மேனுவல்.

பழையது டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத 1.6 லிட்டர் எஞ்சின், 136 குதிரைத்திறன். புதியது 1.4 லிட்டர் டர்போ, 140. “நாலு குதிரைக்கா இவ்வளவு செலவு?” என்று தம்பி கேட்டான். அவன் பார்க்க வேண்டியது அந்த எண்ணை அல்ல. காரை இழுக்கும் பலமான முறுக்குவிசை 160 நியூட்டன் மீட்டரிலிருந்து 230க்கு ஏறியிருக்கிறது. எடையோ ஏறத்தாழ 80 கிலோ குறைந்து, ஒரு டன்னுக்குக் கீழே வந்துவிட்டது.

மலேசியாவில், தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் வளைவுப் பாதையில் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். பழையதன் முழு இழுவை எஞ்சின் நிமிடத்துக்கு 4,400 சுழற்சியை எட்டும்போதுதான் கிடைக்கும். லாரியை முந்த வேண்டுமென்றால் இரண்டாவது கியருக்கு இறக்கி, எஞ்சினை அலறவிட வேண்டும். பின்னால் இருக்கும் அம்மாவுக்குத் தலை சுற்றும். ரிங்லெட் போய்ச் சேர்வதற்குள் இருமுறையாவது நிறுத்தச் சொல்வார். புதியது மூன்றாவது கியரில், 2,500 சுழற்சியிலேயே அலட்டாமல் ஏறுகிறது. போன டிசம்பரில் அம்மா மலைமேலுள்ள தானா ராத்தா வரை உறங்கிக்கொண்டே வந்தார்.

இழந்ததும் உண்டு. 6,000 சுழற்சியைத் தாண்டியதும் பழைய எஞ்சின் எழுப்பும் குரலுக்கு ஈடாகப் புதியதில் எதுவுமே இல்லை. 5,500க்கு மேல் முடுக்குவதில் பயனில்லை, கியரை மாற்றிவிடலாம். அந்தக் குரலுக்காக மனம் ஏங்குகிறது. ஆனால் 80, 90 கிலோமீட்டர் வரம்புள்ள நம் விரைவுச்சாலைகளில் அதை ஆண்டுக்கு எத்தனை நாள் கேட்டேன்? புதியதன் பலம் தினமும் வேலைக்குப் போகும் வழியிலேயே, ஒவ்வொரு சிக்னலிலும் கிடைக்கிறது. அதனால்தான் புதியதே மேல் என்கிறேன்.

பெட்ரோல் டேங்க் 42 லிட்டரிலிருந்து 37ஆகச் சுருங்கியது எனக்குக் கவலையாக இருந்தது. எரிபொருள் சிக்கனம் அதை ஈடுகட்டிவிட்டது. சிங்கப்பூர் கார் மலேசியாவுக்குப் போக உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடக்கும்போது குறைந்தது முக்கால் டேங்க் இருக்க வேண்டும் என்ற விதிக்காக நிரப்பும்போது செலவும் சற்றுக் குறைவு.

பின்கதவின் கைப்பிடி இப்போது ஜன்னலுக்குப் பின்னால், தூணோடு ஒட்டி மேலே இருக்கிறது. அம்மாவின் கை இன்னும் பழைய இடத்துக்குத்தான் போகிறது. நானே இறங்கித் திறந்துவிடுகிறேன்.