கேம் திக்கித் திக்கி ஓடுகிறதா: புது கார்டா, இன்னொரு ரேம் ஸ்டிக்கா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எந்தக் கவுண்டரில் போய் "கேம் லேக் ஆகுதுங்க" என்று சொன்னாலும், கிராபிக்ஸ் கார்டை மாத்துங்க என்பதுதான் முதல் பதில். டெல்லி நேரு பிளேஸிலும் மும்பை லேமிங்டன் ரோட்டிலும் இதே பல்லவிதான். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது, நாம் சொல்லும் வார்த்தையிலும் கோளாறு இருக்கிறது. எஃப்பிஎஸ், அதாவது ஒரு செகண்டுக்கு வரும் ஃப்ரேம்கள், மொத்தமாகவே குறைவாக இருப்பது ஒரு வியாதி. 70, 80 என்று நன்றாக ஓடிக்கொண்டே நடுநடுவே சட்டென்று நின்று குதிப்பது வேறொரு வியாதி. முதலாவதற்குக் கார்டு மருந்து. இரண்டாவதற்கு, பெரும்பாலும், இல்லை.

இங்கே எடுத்துக்கொள்வது பல வீடுகளில் இருக்கும் மெஷினை: ஐ5-10400 அல்லது ரைசன் 5 3600 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 போல 4 ஜிபி கார்டு, ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக். கையில் ஒரு வேலைக்குத்தான் பணம் என்ற நிலையில் நான் போனது ரேம் பக்கம். அந்தச் சாய்வு இந்த அலசலில் தெரியத்தான் செய்யும்.

பணம் செலவழிக்கும் முன் முடிக்க வேண்டியவை சில. கேம் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஓப்பன் வேர்ல்டு கேமில் வண்டி வேகமாகப் போகும்போது மட்டும் திக்கினால் இதுதான் முதல் சந்தேகம். "ரேம் மிச்சமாகும்" என்று யாராவது பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டேட்டாவைத் தள்ளி வைக்கும் டிஸ்க் இடம்) ஆஃப் செய்து வைத்திருந்தால் திரும்ப ஆன் செய்து, அதையும் எஸ்எஸ்டியிலேயே வையுங்கள். ரைசன் மெஷினில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சம் ஆன் ஆகியிருந்தால் அவ்வப்போது மொத்த கம்ப்யூட்டரும், சவுண்டும் சேர்ந்தே, ஒரு கணம் திக்கும். 2022இல் வந்த, ஏஎம்டியின் ஏஜீசா 1.2.0.7 அடங்கிய பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அதைச் சரிசெய்தது. பயாஸ் பழையது என்றால் அப்டேட் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

இன்னொன்று ஷேடர் கம்பைலேஷன். ஷேடர் என்பது ஒளி, நிழல் போன்றவற்றை வரைய கார்டுக்குள் ஓடும் சின்ன புரோகிராம். அன்ரியல் இன்ஜின் கேம்களில் இது சகஜம். புது எஃபெக்ட் முதல் தடவை திரையில் வரும் நேரத்தில் அதற்கான ஷேடரை மெஷின் தயார் செய்கிறது, அந்த நொடியில் கேம் நிற்கிறது. கண்டுபிடிக்க ஒரே தெருவில் இரண்டு முறை ஓடிப் பாருங்கள். முதல் சுற்றில் திக்கி, இரண்டாவது சுற்றில் வழுவழுவென்று போனால் அது ஷேடர்தான். அதற்கு ரேமும் தீர்வில்லை, கார்டும் தீர்வில்லை. டிரைவர் அப்டேட் செய்தால் தயார் செய்து சேமித்து வைத்த ஷேடர்கள் (கேஷ்) அழிந்துபோய் மறுபடி முதலிலிருந்து வரும், அதனால் சனிக்கிழமை ராத்திரி விளையாட உட்காரும் முன் டிரைவர் மேல் கை வைக்காதீர்கள்.

இவை எல்லாம் பார்த்தும் இரண்டாவது, மூன்றாவது சுற்றிலும் திக்கினால்தான் கார்டா ரேமா என்ற கேள்வியே வருகிறது. அதைத் தீர்க்க ஒரே ஒரு விஷயம் போதும். திக்கும் அந்தக் கணத்தில் ஜிபியு யூசேஜ், அதாவது கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்ற எண், என்ன ஆகிறது?

எஃப்பிஎஸ் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். ஒரு செகண்டில் 51 ஃப்ரேம் ஒழுங்காக வந்து, ஒன்று மட்டும் 150 மில்லி செகண்ட் இழுத்தால் கவுண்டர் 52 என்று சமர்த்தாகக் காட்டும். கண்ணுக்கோ ஒரு வெட்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் போடுங்கள், இரண்டும் இலவசம். செட்டிங்ஸில் மானிட்டரிங் டேபில் ஃப்ரேம்டைம், ஜிபியு யூசேஜ், கார்டின் மெமரி யூசேஜ், ரேம் யூசேஜ் நான்கையும் ஆன்-ஸ்கிரீன் டிஸ்ப்ளேக்கு டிக் செய்யுங்கள். ஃப்ரேம்டைமை டெக்ஸ்ட் இல்லாமல் கிராஃபாக வையுங்கள். போலிங் பீரியட் (எவ்வளவு நேரத்துக்கு ஒரு ரீடிங் என்பது) 1000 மில்லி செகண்டில் இருக்கும், 200க்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் கால் செகண்ட் திக்கல் இரண்டு ரீடிங்குக்கு நடுவில் நழுவிப் போய்விடும்.

இப்போது விளையாடுங்கள். ஃப்ரேம்டைம் கோடு ஊசி போல எழும்பும் இடத்தில் ஜிபியு யூசேஜ் 98இலிருந்து 50க்கோ 40க்கோ விழுந்தால், கார்டு வேலை இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அதற்குச் சாமான், அதாவது கேம் டேட்டா, வந்து சேரவில்லை. அங்கே இரண்டு மடங்கு வேகமான கார்டைச் செருகினால் அதுவும் அதே இடத்தில் நின்றுதான் காத்திருக்கும். சொல்லப்போனால் திக்கல் இன்னும் உறுத்தும். 60இல் ஓடும்போது வரும் வெட்டைவிட, 110இல் சறுக்கிக்கொண்டு போகும்போது வரும் அதே வெட்டு முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும்.

சாமான் ஏன் வரவில்லை? ஒற்றை 8 ஜிபி ஸ்டிக்கில் இரண்டு குறை இருக்கிறது, பலர் ஒன்றைத்தான் கவனிக்கிறார்கள். ஒன்று இடம். விண்டோஸும் பின்னால் ஓடும் குரோமும் டிஸ்கார்டும் சேர்ந்தே 4 ஜிபியை எளிதில் விழுங்கும். மிச்சத்தில் அடங்காத கேம் டேட்டாவை விண்டோஸ் டிஸ்குக்குத் தள்ளி, கேட்கும்போது திரும்ப எடுத்து வரும். ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி டேபைத் திறந்து வைத்தால், திக்கும் நேரத்தில் ஹார்ட் ஃபால்ட்ஸ் (டிஸ்கிலிருந்து திரும்ப எடுத்த தடவைகள்) எண் துள்ளுவதைப் பார்க்கலாம். இரண்டாவது குறை பாதையின் அகலம். 3200 ஸ்டிக் ஒன்று செகண்டுக்கு 25.6 ஜிபி கொடுக்கும், இரண்டு ஸ்டிக் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில், 51.2. சராசரி எஃப்பிஎஸ்ஸில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, 1 பர்சென்ட் லோவில்தான் (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) தெரியும். திக்கல் குடியிருப்பதும் அங்கேதான். "ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா வாங்கிடுங்க, அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்பது முதல் குறையை மட்டும் தீர்க்கும் யோசனை. கார்டே இல்லாமல் 5600ஜி போன்ற சிப்பின் உள் கிராபிக்ஸில் விளையாடுபவர்களுக்கு அந்த ரேம்தான் கிராபிக்ஸ் மெமரியும், அதனால் இரண்டாவது ஸ்டிக்கின் பலன் அவர்களுக்கே மிக அதிகம்.

வாங்கும்போது இருக்கும் ஸ்டிக்கின் மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஹீட்சிங்க் இல்லாத ஸ்டிக் என்றால் சிப்பை எண்ணுங்கள். 8 ஜிபி ஸ்டிக்கில் எட்டு சிப் இருந்தால் எக்ஸ்8 வகை, நான்கே இருந்தால் எக்ஸ்16. நான்கு சிப் வகையில் பேங்க் குரூப் (சிப்புக்குள் மெமரியைப் பிரித்திருக்கும் குழுக்கள்) பாதிதான், அதே 3200 என்று எழுதியிருந்தாலும் சற்று மந்தம். விலை ஒன்றென்றால் எட்டு சிப்பையே கேளுங்கள். வேகம் வேறான இரண்டைக் கலந்தால் குறைந்த வேகத்துக்கு இரண்டும் இறங்கும். 8உம் 16உம் போட்டால் 16 ஜிபி வரை டூயல், மேலே உள்ள 8 சிங்கிள். ஐ5-10400ஐ எச்410 அல்லது பி460 போர்டில் வைத்திருப்பவர்கள் 3600 ஸ்டிக்குக்குக் காசைக் கொட்ட வேண்டாம், அங்கே 2666தான் எல்லை.

நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவதும் நான்காவதும், அதாவது ஏ2, பி2. முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ செருகினால் இரண்டும் ஒரே சேனலில் உட்கார்ந்து, செலவு செய்தும் பழைய கதையாகிவிடும். சில போர்டில் கொக்கி ஒரு பக்கம்தான் இருக்கும், எதிர்ப்பக்கம் "டக்" சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஆன் செய்ததும் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு மெமரியைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பதறி சுவிட்சை அணைக்காதீர்கள். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை (ஸ்டிக்கை அதில் எழுதியிருக்கும் வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங்) ஆன் செய்யுங்கள், இதை விட்டவர்கள் ஏராளம். இல்லாவிட்டால் 3200 ஸ்டிக் 2133இலோ 2400இலோ 2666இலோ சும்மா ஓடிக்கொண்டிருக்கும். சிபியு-இசட் மெமரி டேபில் டிராம் ஃப்ரீக்வென்சி 1600 என்று காட்டினால் சரி, அது 3200இன் பாதி (மேலே சொன்ன 2666 எல்லை உள்ள போர்டில் 1333தான் வரும்). எக்ஸ்எம்பியில் பூட் ஆகாவிட்டால் 2933க்கு இறக்கிப் பாருங்கள்.

டிடிஆர்5 மெஷின்கள் என் கையில் அதிகம் பட்டதில்லை, அதனால் இதே அழுத்தத்தோடு அங்கே சொல்ல மாட்டேன்.

கார்டுக்கு நியாயமான இடமும் உண்டு. திக்கும்போதும் ஜிபியு யூசேஜ் 97, 98 என்று மேலேயே நின்றால், அல்லது டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் மெமரி (கார்டின் சொந்த மெமரி) 4 ஜிபியை முட்டிவிட்டு ஷேர்டு மெமரி (ரேமிலிருந்து கடன் வாங்குவது) ஏறிக்கொண்டே போனால், கோளாறு கார்டில்தான். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்துப் பாருங்கள். திக்கல் நின்றால் உறுதி. அந்த ஒரு படியோடு "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கன்னடத்தில், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்று இருந்துவிடலாமா என்பது உங்கள் இஷ்டம். மாற்றுவதென்றால் 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை எடுக்க வேண்டாம். அதுவும் 4 ஜிபி, போர்டோடு இணைக்கும் பாதையும் நாலே லேன், இந்த ஐ5 போன்ற, அந்த இணைப்பின் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 மெஷினில் இன்னும் நெருக்கடி.

கார்டு விலையோடு கணக்கு முடிவதில்லை. ஜிடிஎக்ஸ் 1650இல் பல மாடல்கள் ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்து ஓடும். ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட், இரண்டுக்கும் தனி பவர் கேபிள் வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வந்த, மேலே மட்டும் 500 வாட் என்று எழுதிய எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) நம்பி இவற்றை மாட்டக் கூடாது. ஆக எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்து மாறும். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கிரிப்டோ மைனிங்கில் ஓடியதா என்ற சந்தேகம் வேறு.

ரேம் விலையும் 2025 கடைசியில் தாறுமாறாக ஏறியதால், பழைய டிடிஆர்4 ஸ்டிக்கை செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் அதிகம். தவறில்லை, ரேமில் தேயும் பாகம் எதுவும் கிடையாது. கடையில் மாற்றித் தர எத்தனை நாள் என்று கேட்டு பில்லில் சீரியல் நம்பரோடு எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த அன்றே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவிலிருந்து பூட் செய்து, எக்ஸ்எம்பி ஆன் நிலையில் ராத்திரி முழுக்க நான்கு பாஸ் (முழுச் சுற்று) ஓட விடுங்கள். காலையில் சிவப்பில் ஒரு வரி எரர் இருந்தாலும் எக்ஸ்எம்பியை அணைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ஸ்டிக்குகளைத் தனித்தனியாகப் போட்டு ஓட்டி, எரர் காட்டுவது புதியதுதான் என்றால் கழற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.