பழைய மசில்லோடர் வாங்கப் போகிறீர்களா? பிரீச் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

நான் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறேன். கொலம்பஸிலிருந்து ஒரு மணி நேரம் தென்கிழக்கே போனால் மேடும் காடுமாக ஆரம்பித்துவிடும். மான் வேட்டைக்கு அந்தப் பக்கம்தான் போவேன். ஜனவரி மசில்லோடர் சீசனுக்காக நம்மவர்கள் சிலர் பழைய துப்பாக்கி தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பணம் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்போமே, குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இறக்கிக் கெட்டிப்பது, அதே முறைதான் இதுவும். இங்கே இப்போது அதிகம் விற்பது இன்லைன் என்ற வகை. குழலின் பின்முனையைப் பிரீச் பிளக் என்ற திருகு அடைத்திருக்கும், அதன் பின்னால் மருந்தைப் பற்றவைக்கும் 209 பிரைமர் உட்காரும். என்னுடையது .50 காலிபர். குழலுக்குள் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முறுக்கு வரிகள் ஓடும். குண்டு .45 அளவுதான் இருக்கும். அதைச் சேபோ என்ற சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துக் கெட்டிப்போம். அந்தக் கிண்ணம் வரிகளைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றிவிடும். கிண்ணம் கிழிந்தால் குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செப்டம்பரில் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். 260 டாலர். விளம்பரத்தில் ‘குழல் சுத்தம், சுட்டுப் பார்த்தது, நூறு யார்டில் இரண்டு அங்குலம்’ என்று போட்டிருந்தார்கள். அதாவது, அந்தத் தூரத்தில் குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் விழுமாம். கையில் எடுத்துப் பார்த்தபோது வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே விளக்கடித்தேன், பளபளவென்றிருந்தது. அந்தப் பளபளப்பு இரும்பினுடையது அல்ல, தடிமனாகப் பூசிய கிரீஸினுடையது. அதை அப்போது நான் உணரவில்லை. பிரீச் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். “அதைத் தொடாதீர்கள், நாங்கள் இறுக்கிவைத்திருக்கிறோம், கழற்றினால் சீட்டிங் போய்விடும்” என்றார் கடைக்காரர். சுத்தம் செய்யக் கழற்றுவதற்காகவே செய்த பாகம் அது. அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் முதல் நாள் 100 கிரெயின் மருந்து, 250 கிரெயின் குண்டு (மருந்துக்கும் குண்டுக்கும் கிரெயின்தான் அளவு). ஐந்து முறை சுட்டதில் மூன்று ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுந்தன. நான்காவது குண்டு குறி அட்டையின் ஓரத்தில். ஐந்தாவது குண்டு அட்டையிலேயே இல்லை. ஐம்பது யார்டுக்கு வந்து சுட்டேன். நான்கு ஓரளவு சேர்ந்தன, ஒன்று மட்டும் ஓர் அடி தள்ளிப் போயிற்று. எத்தனை முறை சுட்டாலும் ஐந்தில் ஒன்று இப்படித் தறிகெட்டு ஓடியது.

கடைக்குப் போய்ச் சொன்னேன். மருந்து சரியில்லை என்று வேறு மருந்து கொடுத்தார்கள். அடுத்த முறை சேபோ பொருந்தவில்லை என்று இரண்டு வகை சேபோ. அதற்கடுத்து ஸ்கோப்: புதிதாக 140 டாலர், மாட்டுவதற்கு 35. அப்புறம், மருந்து போதவில்லை, 50 கிரெயின் பெல்லட்டுகளில் (வில்லையாக அழுத்திய மருந்து) மூன்று போடுங்கள் என்றார்கள். இந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு வரை போடலாம் என்று தயாரிப்பாளர் கொடுத்த கையேடு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். மூன்று பெல்லட் போட்டதில் தோள் வலித்தது, அட்டையில் குண்டுகள் இன்னும் சிதறின. அன்றைக்கு அங்கே நின்றிருந்த ஒருவர், சாதாரண ரைஃபிளுக்கான புகையில்லா மருந்தில் கொஞ்சம் கலந்தால் சரியாகிவிடும் என்றார். கடைக்காரர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள். புகையில்லா மருந்தின் அழுத்தத்தை இந்தக் குழல்கள் தாங்காது. குழல் வெடித்தால் போவது உங்கள் கையும் கண்ணும்.

இதற்குள் துப்பாக்கிக்குக் கொடுத்ததைவிட அதிகமாக மற்றவற்றுக்குக் கொடுத்திருந்தேன். குறை என்னிடம்தான் என்று நினைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு வெடிக்கும் அடுத்து ஓர் ஈரத் துணித்துண்டு, ஓர் உலர்ந்த துண்டு விட்டுக் கசடைத் துடைத்தேன். குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் மருந்தின்மேல் உட்காரக் கம்பியில் கோடு போட்டுக்கொண்டேன். கம்பியை ஒரே அழுத்தத்தில் அமுக்கினேன். குழல் சூடாக இருந்தால் பிளாஸ்டிக் இளகிவிடும் என்பதால் பத்து நிமிடம் ஆறவிட்டேன். இவையெல்லாம் நல்ல பழக்கங்கள், இன்றும் செய்கிறேன். தட்டு அளவில் விழுந்தது கொஞ்சம் சுருங்கியது. அந்த ஐந்தாவது குண்டு மட்டும் மாறவேயில்லை.

இதை அப்போதே பெரிதாக எடுத்துக்கொள்ளாததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. “ஐம்பது அறுபது யார்டுக்கு இது தாராளம், போய் மானை எடுங்கள்” என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஜனவரி சீசனுக்குப் போனேன். இரண்டாம் நாள் மாலை ஒரு பெண்மான் வந்தது. வெண்வால் மான், அறுபது யார்டுக்குள், பக்கவாட்டில் நின்றது. நெஞ்சுப் பகுதி எட்டு அங்குல அகலம் இருக்கும், தோளுக்குப் பின்னால் குறிவைத்தேன். புகை விலகியபோது மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. குண்டு வயிற்றில் பட்டால் அப்படித்தான் ஓடும். நின்ற இடத்தில் ரத்தம் கொஞ்சம்தான், பச்சையாக இரைப்பைக் கசிவு கலந்திருந்தது. மூன்று மணி நேரம் காத்திருந்து, டார்ச்சோடு தடம் பிடித்துப் போனேன். ஓர் ஓடைக்கரையில் தடம் அறுந்தது. மறுநாள் விடிந்ததும் நண்பர் ஒருவரோடு மத்தியானம் வரை தேடினோம். கிடைக்கவில்லை. அந்த மான் எவ்வளவு நேரம் துடித்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். ஐந்தில் ஒன்று எங்கோ போகும் துப்பாக்கி என்று தெரிந்தும் விசையை அழுத்தியது நான்தான், அந்தப் பொறுப்பைக் கடைமேல் போட மாட்டேன். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அதை விற்றவர் அவர்.

உண்மை மார்ச் மாதம்தான் தெரிந்தது. ரேஞ்சில் எனக்குப் பக்கத்து மேசையில் சுடுகிற ஒரு பெரியவர், பல வருடமாக மசில்லோடர் சுடுபவர், என் அட்டையைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. குண்டு போன பாதையில் பத்துப் பதினைந்து யார்டு நடந்து, தரையில் கிடந்த சேபோக்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். நல்ல சேபோவின் இதழ்கள் பூ மாதிரி சமமாக விரிந்திருக்கும். என்னுடையவற்றில் இரண்டு, இதழ் பாதியில் கிழிந்து, அடிப்பக்கம் ஓரம் கருகியிருந்தன. “பிளக்கைக் கழற்றிப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார்.

கழற்ற வரவில்லை. துருநீக்கி எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, வைஸில் பிடித்து முறுக்கியபோது வந்தது. மரை முழுவதும் வெள்ளையும் பழுப்புமாகப் பொரிந்து கிடந்தது. கிரீஸை முழுக்க எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பிரீச் பக்கம் கிட்டத்தட்ட ஒரு சாண் நீளத்துக்கு அம்மைத் தழும்பு போலக் குழிகள். உலர்ந்த துணித்துண்டை இறக்கினால் அங்கே வந்ததும் சிக்கிக் கிழிந்தது. கெட்டிக்கும்போது கடைசி ஒரு சாண் தூரத்தில் கம்பி நறநறவென்று போவதை முதல் நாளிலிருந்தே என் கை உணர்ந்திருந்தது. அதற்கு என்ன பொருள் என்று தெரியாமல் இருந்துவிட்டேன். வாய்ப்பக்கத்திலும் ஓர் இடத்தில் விளிம்பு நசுங்கியிருந்தது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் நசுங்கினால் வாயு ஒரு பக்கமாகப் பீறிடும், குண்டு சாயும்.

காரணம் எளிது. இவற்றுக்குப் பாரம்பரியமாகப் போடும் கருமருந்தின் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளில் பொட்டாசியம் பெர்குளோரேட் இருப்பதால் எரிந்தபின் உப்பு படியும், இரும்பை அது சும்மா விடாது. சுட்ட அன்றே சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். முன்பு வைத்திருந்தவர் ஒரு சீசன் முழுக்கக் கழுவாமல் விட்டிருக்கிறார். கடை அதன்மேல் கிரீஸ் பூசி விற்றிருக்கிறது.

படங்களை எடுத்துக்கொண்டு போனேன். ‘உள்ளது உள்ளபடி’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். விளம்பரத்தில் ‘குழல் சுத்தம்’ என்று போட்டது பொய்யல்லவா என்று கேட்டதற்கு, நீங்கள்தான் கழுவாமல் கெடுத்திருப்பீர்கள் என்றார்கள். என் கையில் சாட்சி ஏதும் இல்லை. அதனால் வாங்கும் அன்றைக்கே விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘சுட்டுப் பார்த்தது’ என்றால் எந்த மருந்து, எத்தனை கிரெயின், எந்தக் குண்டு என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், சுட்ட அட்டையையும் கேளுங்கள். 1968ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி மசில்லோடர்களில் பெரும்பாலானவை துப்பாக்கிக் கணக்கிலேயே வராது, பழம்பொருள் கணக்கில் விட்டுவிடுவார்கள். மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணிச் சோதனையும் படிவமும் இல்லாமல் கை மாறுவதால் இவை எங்கெல்லாமோ சுற்றி வருகின்றன.

போகும்போது ஒரு பேனா டார்ச், நான்கு உலர்ந்த துணித்துண்டு, ஒரு துடைப்புக் கம்பி எடுத்துப் போங்கள். முதலில் கிரீஸைத் துடைக்கச் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். துண்டு ஆரஞ்சு நிறத்தில் வந்தால், அல்லது எங்காவது சிக்கினால், பேரம் பேச வேண்டாம். பிளக் கைச்சாவியால் கழன்று வர வேண்டும். கழற்ற மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள்.

ஏப்ரலில் புதிதாக ஒன்று வாங்கினேன். பிளாக்ஹார்ன் 209 என்ற மாற்று மருந்தை 70 கிரெயினில் ஆரம்பித்து, மும்மூன்று வெடியாகப் பத்துப் பத்து கிரெயின் ஏற்றிப் பார்த்தேன். எடை பார்க்கவில்லை, அளவுக் குவளையில் அளந்ததுதான். 90இல் மூன்றும் நூறு யார்டில் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தன. அதே கை, அதே கண், அதே பழக்கம்.

பழையதை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் நூறு டாலர் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. பிளக்கைத் தனியே எடுத்து வேறொரு பெட்டியில் பூட்டிவிட்டு, குழலை மட்டும் கராஜ் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.